உப்புக்காற்றில் ஓவன் கதவுப் பூட்டு: ஏழு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்தது, நாகர்கோவிலில் வாங்கியது என்று குமரி மாவட்டத்து அடுக்களைகளில் ஓவனோடு சேர்ந்த குக்கிங் ரேஞ்சுகள் இப்போது நிறைய இருக்கின்றன. அதில் செல்ஃப் கிளீன் வசதி (உள்ளே ஒட்டிய அழுக்கைக் கடும் சூட்டில் தானே எரித்துச் சாம்பலாக்குவது) உள்ள மின் ஓவன் வகையைப் பற்றியது இது. ஏழு வருடத்தில் பர்னர்களில் குறையில்லை, கேக் நன்றாக வேகிறது. தொந்தரவு தருவது கதவுப் பூட்டு மட்டும்தான்.

செல்ஃப் கிளீன் ஓடும்போது உள்ளே சூடு 450 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அப்போது யாரும் கதவைத் திறந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு சின்ன மோட்டார் கேமை, அதாவது ஒரு பக்கம் புடைத்த சிறு சக்கரத்தை, சுற்றிக் கொக்கியை மாட்டுகிறது. கொக்கி மாட்டியதா, விட்டதா என்று போர்டுக்கு (ஓவனைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகைக்கு) சொல்பவை மைக்ரோ சுவிட்சுகள். உள்ளே எவ்வளவு சூடு என்று சொல்வது சென்சார். ஓவன் போதுமான அளவு ஆறிவிட்டது என்று சென்சார் சொன்னால்தான் போர்டு கொக்கியை விடும். இவற்றில் ஒன்று தவறாகச் சொன்னாலும் கதவு திறக்காது. திரையில் எஃப் எழுத்தோடு ஓர் எண் மின்னும். எண்ணின் பொருள் கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

கதவு சிக்கிக்கொண்டால் இழுக்காதீர்கள். கொக்கி வளையும், கண்ணாடியும் உடையலாம். முதலில் சைல்டு லாக் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதற்கான பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் போய்விடும். அடுத்து ஓவன் முழுக்க ஆறட்டும். எம்.சி.பி.யை இறக்கிப் பத்து நிமிடம் விட்டு ஏற்றுங்கள். பாதி ஓட்டத்தில் கரண்ட் போய்க் கேம் நடுவழியில் நின்றிருந்தால் இன்னொன்றும் செய்யலாம்: செல்ஃப் கிளீனைத் தொடங்கி, பூட்டு மாட்டும் சத்தம் கேட்டதும் கேன்சல் கொடுங்கள். மோட்டார் ஒரு சுற்று முழுதாகப் போய்ப் பழைய இடத்துக்கு வரும். கரண்ட் போனதால் வந்த சிக்கல் பெரும்பாலும் இதிலேயே தீரும்.

தீரவில்லையென்றால் மோட்டாரை மாற்றச் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போலக் கடலை ஒட்டிய ஊர்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கனெக்டரைத்தான். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. உப்பும் ஈரமும் சேர்ந்து உலோகத்தைத் தின்னும். எம்.சி.பி.யை இறக்கி, பிளக்கைக் கழற்றி, சிலிண்டர் ரெகுலேட்டரை மூடி, இரண்டு பேராக ரேஞ்சை முன்னே இழுங்கள். கேஸ் டியூப் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பின்தகட்டைக் கழற்றியதும் வயர்களை ஒரு போட்டோ எடுத்துவிட்டு, மைக்ரோ சுவிட்சின் தட்டைப் பின்னிலிருந்து வயரை உருவுங்கள். பளபளக்க வேண்டிய இடத்தில், செம்புப் பாத்திரத்தில் பிடிப்பதுபோல் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். சுவிட்சின் பித்தானை விரலால் அழுத்தினால் 'டிக்' என்று கேட்க வேண்டும். அழுத்தியபடியே மல்டிமீட்டரில் அளந்தால், காமனுக்கும் (பொது முனை) என்.ஓ.வுக்கும் (அழுத்தும்போது மட்டும் இணையும் முனை) இடையே 1 ஓமுக்குள் காட்ட வேண்டும். டிக் கேட்டும் மீட்டர் அசையாவிட்டால் உள்ளே இருக்கும் காண்டாக்ட் போய்விட்டது, சுவிட்சை மாற்றத்தான் வேண்டும்.

சென்சாரில் இதே களிம்பு வேறு வேலை செய்கிறது. பல மாடல்களில் இருப்பது பி.டி.1000 வகை, சூடு ஏற ஏற மின்தடை கூடும் பிளாட்டினச் சென்சார்: 30 டிகிரியில் சுமார் 1,117 ஓம், 300 டிகிரியில் சுமார் 2,120 ஓம். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 3.8 ஓம் கூடும். கனெக்டரில் களிம்பு 76 ஓம் சேர்த்துவிட்டால், ஓவன் 20 டிகிரி கூடுதலாகச் சூடாக இருப்பதாகப் போர்டு கணக்குப் போடும். இதற்கு முன்னறிவிப்பு உண்டு: வழக்கமான நேரம் வைத்தும் கேக்கின் நடு வேகாமல் நிற்கும். மாவையோ முட்டையையோ குறை சொல்லாமல் சென்சாரை அளந்து பாருங்கள். களிம்பு முற்றினால் அளவு எகிறி, ஆறிப்போன ஓவனும் போர்டின் கணக்கில் கொதித்துக்கொண்டிருக்கும். பிறகு எப்படிப் பூட்டு விடும்?

களிம்பைக் காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயால் எடுங்கள். உப்புத்தாள் போட்டால் மேல்பூச்சு போய் இன்னும் சீக்கிரம் அரிக்கும். அரித்துப்போன முனையை வெட்டிப் புதிய முனையைக் கிரிம்ப் செய்ய வேண்டும், அதாவது இடுக்கியால் நசுக்கி வயரில் பிடிக்க வைக்க வேண்டும். சால்டர் வேண்டாம், சாதாரண ஈயப்பற்று 190 டிகிரிக்குள் உருகிவிடும். சாதாரண பி.வி.சி. வயரும் அந்த இடத்தில் தாங்காது. கண்ணாடியிழை உறை போட்ட வயர் வேண்டும்.

மோட்டார் சுருளை அளந்தால் சில கிலோ ஓம் காட்டும். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. கேமைப் பிளையரால் திருகாதீர்கள், கியர் பற்கள் உடையும்; மோட்டாரின் திருகுகளைக் கழற்றிவிட்டால் கேம் கையிலேயே சுற்றும், கதவும் திறக்கும்.

செல்ஃப் கிளீனை வருடத்துக்கு இரண்டு முறைக்கு மேல் ஓட்ட வேண்டியதில்லை. சிந்திய கருப்பட்டிப் பாகை ஈரத்துணியால் முன்பே துடைத்துவிடுங்கள். டிசம்பரில், கிறிஸ்துமஸ் கேக் போடும் வாரத்தில் செல்ஃப் கிளீனைத் தொடவே வேண்டாம். பழுதாகித் தொலைந்தால் உதிரிப்பாகம் வந்து சேர்வதற்குள் பண்டிகை முடிந்துவிடும்.

புது மோட்டார் வாங்குகிறவர்கள் கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணோடு, பழைய மோட்டாரின் வோல்ட்டையும் ஹெர்ட்ஸையும் குறித்துக்கொள்ளுங்கள். சவூதியில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. மின்சாரத்தின் ஹெர்ட்ஸுக்கு ஏற்ற வேகத்தில் சுற்றுவது சின்க்ரோனஸ் மோட்டார் என்பதால், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். போர்டு எதிர்பார்க்கும் நேரத்துக்குள் பூட்டு மாட்டாமல், பழுதில்லாத பாகமும் பழுதென்று காட்டக்கூடும். 50/60 என்று இரண்டும் அச்சிட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.