கக்கூஸ் இல்ல, குழாய் இல்ல, சிக்னல் இல்ல: ஓசார்க் ஆத்தங்கரையில ஆறு வருசம்

போன வாரம் ஆபீஸ்ல ஒரு தம்பி வந்து, அண்ணா நாங்களும் கேம்பிங் போலாம்னு இருக்கோம், எந்த டென்ட் வாங்கட்டும்னு கேட்டான். டென்ட் கெடக்கட்டும், எங்க போடப்போற அத சொல்லுன்னு ஆரம்பிச்சு அவன் லஞ்ச் டைம் பூரா காலி பண்ணிட்டேன். பாவம், தயிர்சாதத்த மூடி வச்சுட்டு எந்திரிச்சு போனான். இனிமே கேக்குறவங்களுக்கு இதையே குடுத்துடலாம்னு எழுதுறேன்.

நான் இருக்கறது மிசூரில, செயின்ட் லூயிஸ் பக்கம். சொந்த ஊரு அம்பாசமுத்திரம். 2019ல இருந்து வருசத்துக்கு ஏழெட்டு ராத்திரியாவது தெற்க ஓசார்க் மலைப்பக்கம் போயி படுத்துட்டு வர்றது பழக்கமாயிடுச்சு. ஆர்வி (உள்ளயே படுத்து சமைக்கிற வீட்டு வண்டி) வரிசையா நிக்கும், ஷவர் இருக்கும், பக்கத்து டென்ட்காரன் குறட்டை நம்ம தலைமாட்டுல கேக்கும், அந்த மாதிரி கேம்ப்கிரவுண்ட் இல்ல. ஒண்ணுமே இல்லாத இடம். இதுல ரெண்டு வகை. மார்க் ட்வைன் நேஷனல் ஃபாரஸ்ட்னு 15 லட்சம் ஏக்கர் காடு, துண்டு துண்டா கெடக்கு, அதுல பெரும்பாலான இடத்துல காசு குடுக்காம 14 நாள் வரைக்கும் தங்கலாம். இன்னொண்ணு கரண்ட் ஆறும் ஜாக்ஸ் ஃபோர்க் ஆறும் (பேரு தான் கரண்ட், ஃபோன் சார்ஜ் போட பிளக் தேடாதீங்க). 1964ல சட்டம் போட்டு இந்த ரெண்டு ஆத்தையும் 134 மைலுக்கு நேஷனல் பார்க் சர்வீஸ் கையில குடுத்துட்டாங்க. ஆறு வளையுற இடத்துல எல்லாம் சரளைக்கல்லு மேடு ஒதுங்கி கெடக்கும், கிராவல் பார்னு சொல்லுவாங்க. கனூ (துடுப்பு போடுற ஒல்லிப் படகு) வாடகைக்கு எடுத்து, சாமான ஏத்தி, தண்ணி இழுக்குற இழுப்புல மெதுவா போயி, புடிச்ச மேட்டுல ஒதுங்கி டென்ட்ட பிரிச்சுக்கலாம். அதுக்கும் காசு கெடையாது.

எனக்கு ரெண்டுல ஆத்தங்கரை தான். தாமிரபரணில முங்கி வளந்தவனுக்கு வேற என்ன புடிக்கும். ஆனா அம்மாக்கு ஃபோட்டோ அனுப்புனப்ப வந்த பதில், "ஏல, யாராச்சும் ஆத்துக்குள்ள போயி படுப்பாவளா? வீடு வாசல் இல்லாதவன் மாதிரி." அப்ப சிரிச்சேன்.

ரெண்டாவது வருசமோ மூணாவது வருசமோ, மே மாசம், கரண்ட் ஆத்துல ஏக்கர்ஸ்ங்கற இடத்துல கனூவ எறக்கி புல்டைட்ங்கற இடத்துக்கு போற வழி. பத்து மைலுக்குள்ள தான் இருக்கும். நடுவுல கேவ் ஸ்பிரிங்னு ஒரு குகை, கனூவோடயே உள்ள போகலாம், கைய தண்ணில விட்டா மரத்துப்போகும், வெயில் காலத்துலயும் சுனைத்தண்ணி 58 டிகிரி ஃபாரன்ஹீட் தான். கனூ வாடகைக்கு விட்ட பெரியவர் கெளம்பும்போது மூணு விசயம் சொன்னாரு. படுக்க போறதுக்கு முன்னாடி தண்ணி ஓரத்துல ஒரு குச்சி நட்டு வைங்க. கனூவ மேல இழுத்து மரத்துல கட்டுங்க. மேட்டுக்கு பின்னாடி ஏறிப்போக வழி இருக்கான்னு பாத்துட்டு டென்ட்ட பிரிங்க. நானும் தலையாட்டிட்டு, வானம் கண்ணாடி மாதிரி இருக்கு, இவரு வேறன்னு நெனச்சுக்கிட்டேன். குச்சி மட்டும் நட்டேன், அதுவும் பொண்ணு அடம் புடிச்சதால.

ராத்திரி ஒரு மணி வாக்குல ஒண்ணுக்கு போக எந்திரிச்சேன். எங்க மேல ஒரு சொட்டு மழை இல்ல, நட்சத்திரம் தெரியுது, தூரத்துல மேற்க மின்னல் மட்டும் சத்தமில்லாம வெட்டுது. ஹெட்லைட்ட தண்ணி பக்கம் திருப்புனா குச்சிய காணோம். யாராச்சும் புடுங்கியிருப்பாங்களோன்னு கிட்ட போனேன், முழங்காலளவு தண்ணிக்குள்ள குச்சியோட நுனி ஆடிக்கிட்டு நிக்குது. தண்ணியோட நெறமும் மாறிப்போச்சு, சாயங்காலம் அடியில கெடந்த கூழாங்கல்ல எண்ணலாம், இப்ப டீ மாதிரி. சத்தமும் வேற, அதுவரைக்கும் சலசலன்னு இருந்தது ஒரு மாதிரி கனமா, லாரி தூரத்துல ஓடுற மாதிரி. வீட்டம்மாவ எழுப்புனேன், "ஏங்க, கனூ?"ன்னு அவ தான் முதல்ல கேட்டா. கனூ பாதி மெதந்துக்கிட்டு இருந்துச்சு. டென்ட்ட கம்பியோட அப்படியே தூக்கிட்டு, புள்ளைய தோள்ல போட்டுட்டு, பின்னாடி இருந்த புதர்ல புகுந்து ஏறுனோம். வழி இருந்தது எங்க புத்தியால இல்ல, அதிர்ஷ்டம். விடிஞ்சப்ப நாங்க சமைச்ச இடம் தண்ணிக்குள்ள இருந்துச்சு.

இந்தப் பக்கம் பள்ளத்தாக்கு எல்லாம் குறுகலு, மலைச்சரிவுல மண்ணு மேலாக்க தான், மழை பெஞ்சா ஊறாம நேரா ஆத்துக்கு வந்துடும். மேல எங்கயோ பெஞ்சா கீழ தூங்குறவனுக்கு தெரியாது. இது அம்பாசமுத்திரத்துக்காரனுக்கு தெரியாத விசயமா? தெரியும், ஆனா அமெரிக்கா வந்ததும் எல்லாத்தையும் ஆப் பாத்துக்கும்னு ஒரு நெனப்பு. 2010 ஜூன் 11 விடியக்காலம் பக்கத்து ஆர்கன்சால ஆல்பர்ட் பைக்ங்கற இடத்துல, லிட்டில் மிசூரி ஆறு சில மணி நேரத்துல 20 அடி ஏறி, தூங்கிட்டு இருந்த கேம்ப்காரங்கள்ல 20 பேர் செத்துப்போனாங்க. 2017 ஏப்ரல் கடைசில இதே கரண்ட் ஆறு வான் பியூரன் ஊர்ல 37 அடிக்கு வந்துச்சு, அதுக்கு முன்னாடி ரெக்கார்ட் 1904ல வந்த 29 அடி. இப்ப கெளம்புறதுக்கு முன்னாடி யூஎஸ்ஜிஎஸ்னு அரசாங்க புவியியல் ஆய்வுத்துறையோட வெப்சைட்ல ஆத்து மட்டம் பாக்காம கார எடுக்கறதில்ல, ஆத்தோட மேல்பக்கம் மழை சான்ஸ் இருந்தா காட்டுப்பக்கம் போயிடுவோம். அம்மா 2023 டிசம்பர்ல தாமிரபரணி வெள்ளத்தப்ப ஃபோன் பண்ணி, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டராம்லன்னு சொல்லிட்டு, "இன்னும் ஆத்துக்குள்ள தான் படுக்கியால"ன்னு கேட்டாங்க. இந்த தடவ சிரிக்கல.

சரி சாமான் கதை. மொத டென்ட் நாலு பேர் சைஸ், மலிவு. மேல போடுற மழைத்துணி பாதி வரைக்கும் தான் வரும், சாரல் அடிச்சா சைடுல இருந்து உள்ள ஊத்தும். அதைவிட தொல்லை ஜிப்பு. ஆத்துமணல் புகுந்து புகுந்து ஒரு வருசத்துல ஸ்லைடர் தேஞ்சு, இழுத்தா மூடும், பின்னாடியே வாயப் பொளக்கும். குறடு வச்சு ஸ்லைடரோட ரெண்டு பக்கத்தையும் லேசா அமுக்குங்க, ரொம்ப அமுக்குனா உடைஞ்சிடும், இந்த ஒரு வைத்தியத்துல இன்னும் ரெண்டு வருசம் ஓட்டுனேன். சரளைல ஆணி நிக்காது, தலையளவு கல்லுல கயித்த சுத்தி கட்டுறது தான் வழி, அதனால ஆணி இல்லாமயே தானா நிக்குற டென்ட் தான் வாங்கணும். காத்தடைக்கிற மெத்தை கல்லுல படுத்து ஓட்டையாகும், கீழ ஒரு ஃபோம் பாய் போட்டா ரெண்டும் பொழைக்கும். அக்டோபர்ல பள்ளத்துல குளிர் எறங்கி நிக்கும், மேல எத்தன போர்வை போத்துனாலும் அடியில இருந்து தான் ஏறும், மெத்தையோட ஆர் வேல்யூ (தரைக்குளிர எவ்ளோ தடுக்கும்ங்கற அளவு) பாத்து வாங்குங்க.

தண்ணிக்கு ஃபில்டர். சுனைல இருந்து பளிங்கு மாதிரி வருதேன்னு அப்படியே குடிச்சுடாதீங்க, இது சுண்ணாம்புக்கல் பூமி, எங்கயோ மைல் கணக்குல தள்ளி பள்ளத்துல எறங்குன தண்ணி மண்ணுல வடியாம நேரா குகை வழியா வந்து எட்டிப்பாக்குது. 0.1 மைக்ரான் குழாய் ஃபில்டர் நல்லா உழைக்குது, ஆனா ஒருதடவ ஈரத்தோட உறைஞ்சுட்டா உள்ள இழை விரிசல் விட்டுடும், வெளிய பாத்தா தெரியவே தெரியாது. நவம்பர்ல கார்லயே விட்டுட்டு ஒண்ண தூக்கிப்போட்டேன். இப்ப அது ராத்திரி என் கூட ஸ்லீப்பிங் பேக்ல தூங்குது.

கக்கூஸ் விசயம் எல்லாரும் கேக்க கூச்சப்படுவாங்க, நானே சொல்லிடுறேன். சின்ன மண்வெட்டி, தண்ணில இருந்து 200 அடி தள்ளி, சரளைல இல்ல, மேல மண்ணு இருக்கற எடத்துல, 6-8 இன்ச் ஆழத்துக்கு குழி. மூடியில ஓட்டை போட்ட தண்ணி பாட்டில் போதும், பேப்பர் யூஸ் பண்ணா பையில போட்டு திரும்ப கொண்டு வரணும். ஆத்தங்கரையில ஒதுங்குன பரம்பரை தான் நாம, ஆனா இங்க வெள்ளக்காரன் நம்மளவிட கட்டுப்பாடா ஒதுங்குறான், அத ஒத்துக்கணும்.

இந்த ஆத்துல கண்ணாடி பாட்டில் கூடாது, தெர்மாகோல் பெட்டியும் கூடாது, கனூல குப்பைக்கு வலைப்பை கட்டியிருக்கணும். மொத தடவ பீர் எதுவும் இல்லன்னு தெனாவட்டா நின்னா, ஊறுகா பாட்டிலும் கண்ணாடி தானேன்னு வீட்டம்மா காட்டுனா. கரையில நின்னுக்கிட்டு மாவடுவ ஒவ்வொண்ணா பிளாஸ்டிக் டப்பாக்கு மாத்துனோம். சமையல் பெருசா வச்சுக்காதீங்க, புளிக்காய்ச்சல் இருந்தா சோறு வடிச்சா முடிஞ்சுது. ரக்கூன் டப்பா மூடியெல்லாம் தெறக்கும், கையி மனுசன் கை மாதிரி. ஒருக்கா முறுக்கு பூரா போச்சு, புளிக்காய்ச்சல மோந்து பாத்துட்டு விட்டுட்டு போயிருக்கு. அடுப்ப சுத்தி ஆத்துக்குள்ள கெடந்த ஈரக்கல்ல வைக்காதீங்க, சூட்டுல வெடிக்கும்.

வெள்ளத்துக்கு அடுத்து நான் பயப்படுறது கரடிக்கோ பாம்புக்கோ இல்ல, உண்ணிக்கு. லோன் ஸ்டார்னு ஒரு உண்ணி, பொட்டைக்கு முதுகுல வெள்ளைப்புள்ளி இருக்கும். அது கடிச்சு சிலருக்கு ஆல்ஃபா கால்னு ஒரு அலர்ஜி வருது, அப்புறம் மாடு பன்னி மட்டன் எதுவும் ஒத்துக்காது, கோழியும் மீனும் தான் மிச்சம். சாப்ட்டு ரெண்டுல இருந்து ஆறு மணி நேரம் கழிச்சு தான் உடம்பு காட்டும்ங்கறதால எதனாலன்னே பிடிபடாது. ஒரு பூச்சி கடிச்சு ஆயுசுக்கும் மட்டன் பிரியாணி இல்லன்னா யோசிங்க. பேண்ட், சாக்ஸ், ஷூ எல்லாத்துலயும் 0.5 சதவீத பெர்மெத்ரின்ங்கற பூச்சிமருந்த ரெண்டு நாள் முன்னாடியே அடிச்சு காயவச்சுடுவேன் (வீட்டுல பூனை இருந்தா ஈரத்துல கிட்ட விடாதீங்க, அதுக்கு விசம்). ராத்திரி டென்ட்குள்ள ஒருத்தருக்கொருத்தர் பேன் பாக்குற மாதிரி உண்ணி பாக்குறது எங்க குடும்ப வழக்கம்.

அமைதி அமைதின்னு சொல்றாங்களே, அது நாளப் பொறுத்தது. ஜூலை சனிக்கிழமை போனீங்கன்னா ஸ்பீக்கரும் கூச்சலுமா ஆறே கல்யாண வீடு. ஞாயிறு மதியத்துக்கு மேல எறங்குனா மறுநாள் ஒரு ஆள் கண்ணுல பட மாட்டாங்க. மே மாசம் விப்புவர்வில்னு நம்மூர் பக்கிக்குருவிக்கு சொந்தக்காரப் பறவை ஒண்ணு, தன் பேரையே விடாம நூறு தடவ இருநூறு தடவ கத்தும், மொத ராத்திரி தாலாட்டு, ரெண்டாவது ராத்திரி செருப்ப எடுத்து எறியலாம்னு வரும். நவம்பர் நடுவுல மான் வேட்டை சீசன், காட்டுப்பக்கம் போனா ஆரஞ்சு சட்டை இல்லாம நடக்காதீங்க.

மறந்தே போச்சு, தம்பி கேட்ட கேள்வி. ரெண்டு பேருக்கு மூணு பேர் டென்ட், மழைத்துணி தரை வரைக்கும் வரணும், தானா நிக்கணும், அவ்ளோ தான். நேத்து சொன்னேன். எட்டு பேர் டென்ட் ஒண்ணு ஆஃபர்ல இருந்துச்சுண்ணா, அன்னைக்கே போட்டுட்டேன்னான். எங்க போடப்போறேன்னு இன்னும் முடிவு பண்ணலயாம்.