நாசில் மாற்றக் கொடுக்கிறீர்களா, முதலில் அந்த மூன்று இலக்கத்தைப் பாருங்கள்

பட்டறையின் பெயரைப் போடப்போவதில்லை, கேட்காதீர்கள். நடந்ததை மட்டும் எழுதுகிறேன். டீசல் வண்டி வைத்திருக்கிற யாருக்கும் இது நடக்கலாம், நடந்தால் மாதக்கணக்கில் தெரியவும் தெரியாது. எனக்குத் தெரியவில்லை.

காமன் ரெயில் எஞ்சின் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து அதிக அழுத்தத்தில் டீசல் போகும் வகை), நான்கு சிலிண்டர். சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சுவது இன்ஜெக்டர், அதன் ஓட்டையுள்ள முனைதான் நாசில். காலையில் செல்ஃப் ரொம்ப நேரம் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்ற நிலை வந்ததும் ரிட்டர்ன் டெஸ்ட் போட்டார்கள் (பீச்சாமல் டேங்குக்குத் திரும்பும் டீசலை அளப்பது), இரண்டு இன்ஜெக்டரில் ரிட்டர்ன் அதிகம். அது உண்மைதான், அதில் ஏமாற்று இல்லை. நாலுக்கும் நாசிலும் வால்வும் மாற்றிவிடலாம் என்றார் பட்டறைக்காரர். பழைய நம்பரே தானே போடுவீர்கள் என்று கேட்டேன். "அதே ஃபேமிலிதான் சார், கண்ணை மூடிக்கிட்டுப் போடலாம்" என்றார். கண்ணை மூடிக்கொண்டுதான் போட்டிருக்கிறார்கள் என்பது அப்புறம் தெரிந்தது.

வண்டியை எடுத்த முதல் வாரம் பிரமாதம். தொட்டவுடன் ஸ்டார்ட், பிக்கப்பும் நன்றாக இருந்தது, இரண்டு பேருக்கு அந்தப் பட்டறையை நானே சிபாரிசு வேறு செய்தேன் (அவர்களிடம் இப்போது முகம் கொடுத்துப் பேச முடியவில்லை). பிறகு காலையில் வெள்ளைப் புகை, மேடு ஏறினால் கரும்புகை, குளிர்ந்த எஞ்சினில் ஒரு கடகடப்பு. திரும்பப் போனால் ஏர் ஃபில்டர் மாற்றினார்கள். மறுபடி போனபோது இஜிஆர் (புகையில் கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்பி விடும் வால்வு) சுத்தம் செய்தார்கள். மூன்றாம் முறை, "புது நாசில் சார், செட் ஆகக் கொஞ்ச நாள் ஆகும்". ஒன்று சொல்கிறேன், நாசில் செருப்பு இல்லை, போடப் போடப் பழகுவதற்கு.

எனக்கு உறைத்தது ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்த்த அன்றுதான். ஆயில் மாற்றி 3,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை, மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலம் ஏறி நிற்கிறது. ஆயில் குறைந்தால் ஊற்றலாம், தானாக ஏறினால் எங்கிருந்தோ எதுவோ கலக்கிறது என்று அர்த்தம். ஒரு சொட்டைக் காகிதத்தில் விட்டேன். நடுவில் கறுப்பு வட்டம் அப்படியே நின்றது, அதைச் சுற்றி ஒரு மங்கலான ஈர வளையம் மட்டும் விரிந்துகொண்டே போனது. முகர்ந்தால் டீசல்.

வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் எதையும் கழற்றி மாற்றும் பேச்சே எடுக்காமல் இன்ஜெக்டர் துளை வழியாகச் சின்ன கேமராவை விட்டுக் காட்டினார். பிஸ்டன் தலையில் ஒரு குழி இருக்கும் அல்லவா, டீசல் அந்தக் குழிக்குள் போய் காற்றோடு சுழன்று எரியவேண்டும். நாசிலில் 7 ஓட்டை என்றால் குழியின் உதட்டுக்குக் கீழே, உள்பக்கம், 7 தடம் பூவிதழ் மாதிரி இருக்கவேண்டும். என் பிஸ்டனில் இதழ்கள் உதட்டின் மேலேயே இருந்தன, குழிக்கு வெளியே தட்டையான பகுதியிலும் கரி கழுவிப்போய் அலுமினியம் பளபளத்தது. மூன்றாவது சிலிண்டரில் லைனர் (பிஸ்டன் ஏறி இறங்கும் குழாய்) சுவரில் மேலிருந்து கீழாகக் கீறல்கள். டீசல் சுவரில் பட்டு ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு பிஸ்டன் ரிங் வழியாக அடியில் இருக்கும் ஆயில் சம்ப்புக்கு இறங்கியிருக்கிறது.

"பழைய நாசிலைத் திருப்பிக் கொடுத்தாங்களா?" என்று கேட்டார். கொடுத்திருந்தார்கள், கேட்டு வாங்கியிருந்தேன், பிளாஸ்டிக் கவரில் போட்டு வண்டி சீட்டுக்கு அடியிலேயே கிடந்தது. அத்தனை மாதமும் அதன் மேல் உட்கார்ந்துதான் ஓட்டியிருக்கிறேன். லென்ஸ் வைத்துப் படித்தோம். பாஷ், டென்சோ நாசில்களில் டி.எல்.எல்.ஏ என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் மூன்று இலக்கம்தான் டீசல் பீச்சும் கூம்பின் கோணம். பழையதில் 146. புதியதில் 158. ஓட்டை இரண்டிலும் 7, உடல் அளவு ஒன்று, நூல் பிசகாமல் உட்காரும்.

12 டிகிரிதானே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 146 டிகிரி கூம்பில் ஒவ்வொரு பீச்சும் கிடைமட்டத்திலிருந்து 17 டிகிரி கீழே சாயும், 158-இல் 11 டிகிரிதான். நாசில் முனையிலிருந்து 25 மில்லிமீட்டர் தள்ளிக் குழியின் விளிம்பு என்று வைத்துக்கொண்டால், முதலாவது சுமார் 7.6 மில்லிமீட்டர் கீழே போய்ப் படும், இரண்டாவது 4.9-இலேயே பட்டுவிடும். கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் மேலே. பிஸ்டன் உச்சியில் இருக்கும்போதே இந்த நிலை. பைலட் இன்ஜெக்ஷன், அதாவது முதன்மைப் பீச்சுக்கு முன்னால் வரும் சின்னப் பீச்சு, அதற்கு முன்பே நடக்கிறது, அப்போது பிஸ்டன் இன்னும் கீழே இருக்கும், பீச்சு குழியைத் தாண்டி நேராகச் சுவரைப் பார்த்துப் போகிறது.

இது போதாதென்று, மூன்றாவது இன்ஜெக்டரைக் கழற்றினால் ஒன்று இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு காப்பர் வாஷர். பழைய வாஷர் ஹெட்டின் துளைக்குள் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது, அதைக் கொக்கி போட்டு எடுக்காமல் மேலேயே புதியதை வைத்து இறுக்கிவிட்டார்கள். வாஷர் 1.5 மில்லிமீட்டர் என்றால் நாசில் முனையும் அதே அளவு மேலே ஏறிவிட்டது. கீறல் ஏன் அந்தச் சிலிண்டரில் மட்டும் என்பதற்கு விடை கிடைத்தது.

பழைய பட்டறைக்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனேன். முதல் பதில், பெஞ்ச் ரிப்போர்ட்டில் (இன்ஜெக்டரைத் தனியாக மெஷினில் மாட்டிச் சோதித்த அறிக்கை) எல்லாம் பச்சை, கோடிங்கும் (இன்ஜெக்டரின் திருத்தக் குறியீட்டை எஞ்சின் கணினியான இசியுவில் பதிவது) போட்டாச்சு. பெஞ்ச் ரிப்போர்ட் எவ்வளவு டீசல் வருகிறது, எவ்வளவு திரும்புகிறது என்று சொல்லும், எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லாது. கோடிங்கும் அளவைத் திருத்தத்தான், கோணத்தைப் பற்றி இசியுவுக்கு ஒன்றுமே தெரியாது. இரண்டாவது பதில் இன்னும் அழகு. பிஸ்டனில் டீசல் பட்டால் ஒன்றும் ஆகாது, அந்தக் காலத்து எஞ்சினில் வேண்டுமென்றே அப்படித்தான் அடிப்பார்கள் என்றார். அது பாதி உண்மை, அதனால்தான் கோபம் வந்தது. 1950-களில் ஜெர்மனியின் மான் (MAN) நிறுவனத்தில் மாய்ரர் என்பவர் அப்படி ஒரு முறை கொண்டுவந்தார், ஆனால் அதில் குழியே உருண்டையாக, அதற்கென்றே செய்தது, டீசல் படுவதும் குழியின் உள்சுவரில். உதட்டுக்கு வெளியே அடிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

எஞ்சின் செய்கிறவர்களே குழியை மாற்றினால் கோணத்தையும் மாற்றுகிறார்கள். அமெரிக்காவின் கமின்ஸ் நிறுவனத்தின் 5.9 லிட்டர் காமன் ரெயில் எஞ்சினில் 2003-இல் 143 டிகிரி, 2004 நடுவில் பிஸ்டனை மாற்றியபோது 124. இரண்டு இன்ஜெக்டரும் ஒன்றின் இடத்தில் மற்றது உட்காரும், அதுதான் ஆபத்தே. கோணம் குறைந்தாலும் தப்பில்லை என்று நினைக்காதீர்கள், அப்போது குழியின் அடியில் அடித்துப் புகையும் சூடும் வரும்.

கடைசியாகப் பழைய பட்டறைக்காரர் பில்லைக் காட்டினார். "நாசில் - 4" என்று மட்டும் இருந்தது, நம்பர் இல்லை. 158 நாங்கள் போட்டது என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை, மூன்றாவது பிஸ்டன், ரிங் செட், லைனர் எல்லாம் என் கணக்கில்தான். புது மெக்கானிக்கின் பில்லில் நான்கு நாசிலின் முழு நம்பரையும், வாஷரின் கனத்தையும் எழுத வைத்து, மாட்டுவதற்கு முன்னால் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமும் எடுத்துக்கொண்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை, லென்ஸை அவரே எடுத்து நீட்டினார்.