டிராக்டருக்குக் கொக்கி: வெல்டிங்கா, போல்ட்டா, பின்னால் பெட்டியா?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, கேரள-தமிழ்நாடு எல்லையை ஒட்டி எங்கள் தென்னந்தோப்பு. டிராக்டர் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு நாளில் எத்தனை முறை இறங்கி ஏற வேண்டியிருக்கிறது என்பது தெரியும். சொட்டுநீர்க் குழாய் ஒரு பக்கம் பிய்ந்திருக்கும், மண்வெட்டி மோட்டார் அறையில் இருக்கும். விழுந்த மரத்தை இழுக்கச் சங்கிலி வேண்டும், அது வீட்டில் கிடக்கும். கடப்பாரை, மண்வெட்டி, அரிவாள், சங்கிலி, ஸ்பேனர் டப்பா எல்லாம் வண்டியோடேயே இருக்க வேண்டும் என்று முடிவு செய்த பிறகு, அவற்றை எதில் மாட்டுவது என்பதுதான் கேள்வி.

நம் பக்கம் மூன்று வழிகள் உண்டு. கொக்கியை நேராக டிராக்டரில் வைத்து வெல்டிங் போடுவது, தகட்டில் கொக்கியை வைத்துப் போல்ட் போட்டு முடுக்குவது, பின்னால் கலப்பை மாட்டுகிற கைகளில், அதாவது லிங்கேஜில், ஒரு பெட்டியோ கேரியரோ மாட்டுவது. பழைய வண்டியில் முதல் வழியைச் செய்தேன். இப்போதைய வண்டியில் இரண்டாவது. மூன்றாவதைப் போன மழைக்காலத்திலிருந்துதான் பயன்படுத்துகிறேன். என் சாய்வு போல்ட் பக்கம். காரணத்தைச் சொல்கிறேன்.

வெல்டிங்கின் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததே. அரை மணி நேர வேலை, காசு குறைவு, ஆடாது, சத்தம் போடாது. சாதாரண இரும்பில் காய்ந்த 7018 ராடு போட்டு நன்றாக ஊடுருவும்படி பற்றவைத்தால், போல்ட்டைவிட உறுதியாகவே நிற்கும். டிராக்டர் முழுவதும் சாதாரண இரும்பு அல்ல என்பதுதான் சிக்கல். முன் அச்சைத் தாங்குகிற பாகம், கிளட்ச் ஹவுசிங், கியர் பெட்டி எல்லாம் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அதன்மேல் சும்மா ராடை வைத்துப் பற்றவைத்தால், ஆறும்போதே வெல்டிங்கின் ஓரத்தில் மயிரிழை அளவு விரிசல் விடும். லிங்கேஜின் கீழ்க் கைகளோ (கீழ் லிங்க்) சூட்டில் பதப்படுத்திய இரும்பு, அங்கே மறுபடி சூடு காட்டினால் பதம் போய்விடும்.

என் பழைய வண்டியில் முன்புறம் வலப்பக்கம் இரண்டு கொக்கி வைத்துக் கொடுத்தவர் வேலை தெரிந்தவர்தான், ஆனால் அவசரக்காரர். பேட்டரி ஒயரைக் கழற்றவில்லை. வெல்டிங் கரன்ட் திரும்பிப் போகிற எர்த் கிளிப்பைக் கொக்கிக்குப் பக்கத்தில் மாட்டாமல் பின் அச்சில் கொண்டுபோய் மாட்டினார். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கும் அப்போது தெரியாது. மறுவாரம் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றுவதை நிறுத்தியது. மெக்கானிக் கழற்றிப் பார்த்து, டயோடு போய்விட்டது என்றார். வெல்டிங் கரன்ட் வண்டி முழுக்க ஓடித் திரும்பும்போது வழியில் இருக்கிற பேரிங்கையும் அரித்துவிடும் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. வெல்டிங் போட்டே ஆக வேண்டும் என்றால் பேட்டரியின் இரண்டு முனையையும், ஆல்டர்னேட்டர் ஒயரையும் கழற்றுங்கள். எர்த் கிளிப்பை வெல்டிங் போடும் இடத்துக்கு ஒரு சாண் தூரத்துக்குள் மாட்டச் சொல்லுங்கள்.

அதையெல்லாம் செலவு செய்து சரி பண்ணிவிட்டேன். உண்மையான அடி, வண்டியை விற்கப் போனபோதுதான் விழுந்தது.

எல்லையில் இருக்கிற நமக்குப் பழைய டிராக்டர் விலை பேசுவது பெரும்பாலும் பொள்ளாச்சிப் பக்கத்து ஆட்களோடுதான். வந்தவர் வண்டியைச் சுற்றிவந்து, கொக்கிக்கு அடியில் விரலை வைத்துத் தடவினார். “ஏனுங்கண்ணா, இந்தப் பக்கம் வண்டி கவுந்துச்சுங்களா?” என்றார். இல்லை, கொக்கிக்காகப் பற்றவைத்தது என்று சொன்னேன். அவர் நம்பினாரோ இல்லையோ, விலையை இறக்கினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருடைய இடத்தில் நான் இருந்தாலும், பெயிண்டுக்கு அடியில் வெல்டிங் தடம் பார்த்தால் விபத்து என்றுதான் முதலில் நினைப்பேன். எதற்காகப் போட்டது என்று தடம் சொல்லாது.

அதோடு நிற்கவில்லை. எங்கள் கேஎல் 70 பதிவு வண்டி பொள்ளாச்சியின் டிஎன் 41-க்குப் போக வேண்டுமென்றால் பாலக்காட்டுச் சித்தூர் ஆர்டிஓ அலுவலகத்தில் தடையில்லாச் சான்று, அதற்குப் படிவம் 28, அதில் சேசிஸ் எண்ணின் பென்சில் பிரின்ட். தாளை எண்ணின்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் ஒவ்வொரு எழுத்தும் வெள்ளையாகத் தெரிய வேண்டும். என் வண்டியில் எண் பொறித்த இடம் கொக்கிக்கு ஒரு விரற்கடை மேலே. வெல்டிங் கருகலை மறைக்கக் கிரைண்டர் பிடித்து, இரண்டு கை பெயிண்ட் அடித்திருந்தோம். பென்சிலால் தேய்த்தால் கடைசி மூன்று எழுத்து மங்கலாகவே வந்தது. தின்னரும் துணியுமாக ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்து பெயிண்டைக் கரைத்த பிறகுதான் எழுத்து தெளிந்தது. நல்லவேளை, கிரைண்டர் எண்ணைத் தொடவில்லை. தொட்டிருந்தால் வண்டியை விற்பது இருக்கட்டும், அது என் வண்டி என்று நிரூபிக்கவே நான் அலைந்திருப்பேன்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதையே அழுத்திச் சொன்னது. மண்வெட்டி மாட்டுகிற கொக்கியை ஒருவரும் பெரிய மாற்றமாகக் கொள்ள மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஆனாலும் அதிகாரி கேட்கும்போது ஒரு ஸ்பேனரால் கழற்றிக் காட்ட முடிந்தால் பேச்சு அங்கேயே முடியும். வெல்டிங்கை அப்படிக் கழற்றிக் காட்ட முடியாது.

அதனால் புது வண்டியில் போல்ட். முன் பம்பரிலும், எடைக்கல் மாட்டுகிற பிராக்கெட்டிலும் கம்பெனியே துளை விட்டிருக்கிறது. அந்தத் துளைகளுக்கு அளவெடுத்து 10 மி.மீ. தகடு வெட்டினோம். கொக்கியை அந்தத் தகட்டில் வெல்டிங் போட்டோம், டிராக்டரில் அல்ல. தகடு பட்டறையில் மேசைமேல் கிடக்கும்போதே வெல்டிங் முடிந்துவிடுகிறது, வண்டிக்குக் கரன்ட் போகாது. பிறகு தகட்டை வண்டியில் வைத்து முடுக்கினால் வேலை ஆயிற்று. புதிதாக ஒரு துளைகூடப் போடவில்லை. தலைக்குமேல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிற வண்டியாக இருந்தால் அதில் துளையும் போடாதீர்கள், வெல்டிங்கும் போடாதீர்கள். வண்டி கவிழ்ந்தால் உயிரைக் காப்பது அதுதான்.

போல்ட் வாங்கும்போது தலையைப் பாருங்கள், 8.8 என்று பொறித்திருக்க வேண்டும். முதல் எண்ணை நூறால் பெருக்கினால் 800, அது அறுந்துபோகும் வலிமை, மெகாபாஸ்கல் கணக்கில். அதில் பத்துக்கு எட்டுப் பங்கு, 640 வரை போல்ட் நிரந்தரமாக நீண்டுவிடாமல் தாங்கும். எண் இல்லாத போல்ட் கடைக்காரர் கையில் அதே மினுமினுப்போடுதான் இருக்கும். 12 மி.மீ. போல்ட்டை ஏறத்தாழ 80 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கலாம். டார்க் ரென்ச் இல்லையென்றால் தெரிந்த மெக்கானிக்கிடம் ஒருமுறை முடுக்கச் சொல்லி, கைக்கு எவ்வளவு அழுத்தம் என்று பழகிக்கொள்ளுங்கள். உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டைத் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டினால் நைலான் தேய்ந்து பிடிப்பு போய்விடும், புதிது போடுங்கள்.

போல்ட்டின் குறை அதன் பராமரிப்பு. தோப்புக்குள் வரப்பு ஏறி இறங்கும்போது நட்டு தளரும். மட்கார்டில் மாட்டிய மண்வெட்டிக் கொக்கி எனக்கு முதல் மாதமே ஆட ஆரம்பித்தது. மட்கார்டு மெல்லிய தகடு, போல்ட்டைச் சுற்றிக் குழிந்துவிட்டது. அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டையும், நடுவில் பழைய டியூப் ரப்பரும் வைத்த பிறகு சரியாயிற்று. மண்வெட்டி, அரிவாள் இவற்றின் வாய் உள்பக்கம் பார்த்து இருக்கட்டும். ஏறி இறங்குகிற பக்கத்தில் எதையும் மாட்டாதீர்கள்.

இழுப்பது பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. முன்னால் வைத்த கொக்கி சங்கிலியைத் தொங்கவிடவும், வண்டியை லாரியில் ஏற்றினால் கட்டி நிறுத்தவும்தான். மரத்தை இழுப்பது டிரா பாரிலிருந்து, அதாவது பின்னால் தாழ்வாக இருக்கிற இழுவைக் கட்டையிலிருந்து மட்டும். லிங்கேஜின் மேல் கையான டாப் லிங்க் மாட்டுகிற இடத்திலோ, பின் அச்சுக்கு மேலே வைத்த கொக்கியிலோ சங்கிலி கட்டி இழுத்தால், மரம் வேரில் சிக்கிய கணத்தில் முன் சக்கரம் தூக்கும். கிளட்சை மிதிக்க நினைப்பதற்குள் வண்டி மல்லாந்துவிடும். அதனால் டாப் லிங்க் உயரத்தில் அழகாகக் கொக்கி வைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்றுவிடுங்கள்.

இனி பின்னால் மாட்டும் பெட்டி. இரண்டு கீழ் லிங்க், ஒரு டாப் லிங்க் என மூன்று இடத்தில் மாட்டுகிற மூன்று புள்ளி லிங்கேஜை உருவாக்கியவர் ஹாரி ஃபெர்குசன். 1939-இல் ஃபோர்டு 9என் டிராக்டரோடு அது பரவியது. இன்று நம் ஊர் வண்டிகள் எல்லாவற்றிலும் அதுதான். பெட்டிக்கு வண்டியில் எந்த மாற்றமும் வேண்டாம், மூன்று பின்னைக் கழற்றினால் இறங்கிவிடும். விற்கும்போது தனி விலைக்கும் போகும். லிங்கேஜில் அளவு வகை உண்டு, அதைக் கேட்டகரி என்பார்கள். கீழ் லிங்க் பின் கேட்டகரி 1 என்றால் 22 மி.மீ., 2 என்றால் 28 மி.மீ., உங்கள் வண்டி எது என்று பார்த்துவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். உர மூட்டை, தேங்காய், மட்டை ஏற்ற இதைப்போல வசதி இல்லை. ஆனால் மண்ணைக் கிளறும் ரோட்டாவேட்டர் மாட்டினால் பெட்டி இறங்க வேண்டும், அப்போது மண்வெட்டியும் இறங்கிவிடும். எனக்கு அது ஒத்துவரவில்லை. பாரம் அதிகமானால் முன்பக்கம் இலேசாகி ஸ்டியரிங் பிடிக்காது, முன்னால் எடைக்கல் வேண்டும். ஒரு மழைக்காலப் பழக்கத்தில் இவ்வளவுதான் சொல்ல முடிகிறது. வருடக்கணக்கில் பெட்டி மாட்டி ஓட்டுகிறவர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

வெல்டிங்கை முழுக்கத் தள்ளிவிடவில்லை. கல்டிவேட்டர் சட்டம், டிரெய்லர் சட்டம் இவற்றில் கொக்கி வேண்டுமென்றால் வெல்டிங்தான் போடுகிறேன், வண்டியிலிருந்து கழற்றித் தனியாக வைத்து.

போல்ட் தளர்ந்ததா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. முடுக்கி முடித்ததும் நட்டிலிருந்து தகடு வரை வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிடுகிறேன். காலையில் டீசல் பார்க்கும்போது கோட்டையும் பார்ப்பேன். போன வாரம் இடப்பக்கக் கீழ் நட்டில் கோடு ஒரு நூல் விலகியிருந்தது. கழற்றி, நட்டை மாற்றி, முடுக்கி, புதுக்கோடு இழுத்த பிறகே தோப்புக்குள் போனேன்.