பச்சை பாட்டிலோடு பத்து வருஷம்

கூட வேலை செய்யுற தம்பி போன வாரம் கேட்டான்: "அண்ணே, பீர்ல என்னென்னவோ வகை சொல்றாங்களே, எதுண்ணே நல்லா இருக்கும்?" ராயபுரத்துல நமக்குத் தெரிஞ்சது ஸ்ட்ராங்கா லைட்டா, கூலிங் இருக்கா இல்லையா, அவ்வளவுதான். ரெண்டுமே பெரும்பாலும் லாகர்தான். குளிர்ல நிதானமா நொதிக்க விட்டது. ஸ்ட்ராங்ல ஆல்கஹால் 8 சதவீதம் வரைக்கும் போகும். ருசியை யாரும் தேடறதில்ல.

நான் பத்து வருஷமா பச்சை பாட்டில் லாகர் ஆள். எனக்கு இருந்த ஒரே எரிச்சல் அந்த வாடை. மூடியைத் திறந்தா, பூனை வந்துட்டுப் போன மாடிப்படி மாதிரி. அதுதான் அந்த பீரோட குணம்னு நினைச்சிட்டிருந்தேன். ஒருநாள் அதே பீரை கேன்ல குடிச்சேன். வாடையே இல்ல!

விஷயம் வெயில். பீருக்குக் கசப்பு குடுக்குறது ஹாப்ஸ்ங்கிற பூ. அந்தக் கசப்புச் சத்து மேல வெளிச்சம் பட்டா உடைஞ்சு நாத்தமடிக்கும். நல்ல வெயில்ல சில நிமிஷமே போதும். பழுப்பு பாட்டில் வெளிச்சத்தை நிறைய தடுக்கும், பச்சை அவ்வளவா தடுக்காது, கேன்ல உள்ளேயே போகாது. நான் வாங்குற கடையில காலையில இறக்குன கிரேட்டு மத்தியானம் வரைக்கும் வாசல்லயே காயுது. கேட்டா, "கூலிங் வேணுமா வேணாமா?"ன்னு மொறைக்கிறார்.

மத்த வகைன்னு பார்த்தா, பெங்களூர்ல மச்சான் வாங்கித் தந்த வீட் பீர்தான் மனசுல நிக்குது. கோதுமை சேர்த்தது, நீராகாரம் மாதிரி கலங்கல். முகர்ந்ததும் பக்கத்து டேபிள்ல யாரோ வாழைப்பழம் உரிக்கிறாங்களோன்னு திரும்பிப் பார்த்தேன். பின்னாடியே லேசா கிராம்பு. பழமும் போடல, கிராம்பும் போடல. எல்லாம் பீரை நொதிக்க வைக்கிற ஈஸ்ட் பண்ற வேலை. பீச் ஸ்டேஷன் பக்கத்துல விக்கிற பர்மா நூடுல்ஸ், அதான் அத்தோ, அதுக்கு இதைவிட நல்ல ஜோடி கிடையாது.

ஐ.பி.ஏ.ன்னா இந்தியா பேல் ஏல்ங்கிற பீர் வகை. அந்தக் காலத்துல இங்கிலாந்துலேர்ந்து இந்தியாவுக்கு கப்பல்ல மாசக்கணக்கா வர்ற பீர் கெடாம இருக்க ஹாப்ஸ் தூக்கலா போட்டு அனுப்புன வழக்கத்துல வந்த பேரு. துறைமுகம் வர்றதுக்கு முன்னாடி நம்ம கரையில கப்பல் சரக்கெல்லாம் மசூலா படகுலதான் இறங்குச்சு. அந்த பாசத்துலயே குடிச்சேன். வேப்பம்பூ ரசம் பிடிக்கிறவங்களுக்கு ஓகே.

ஸ்டவுட் கறுப்பு. வறுத்த பார்லியால டிகாக்ஷன் ருசி. ஐஸா குடிச்சா வெறும் கசப்பு. பத்து நிமிஷம் வெளிய வெச்சுட்டுக் குடிக்கணும்.

தம்பிக்கு "வீட் பீர் பாரு, லாகர்னா கேன்ல வாங்கு"ன்னு மெசேஜ் போட்டேன். சனிக்கிழமை நான் வாங்கிட்டு வந்தது அதே பச்சை பாட்டில். கேன் சுத்தமாத்தான் இருக்கு, ஆனா நெத்திலி வறுவலோட அந்த வாடை இல்லாம என்னவோ உப்பு கம்மியான மாதிரி. கடைக்காரர் மேல இருக்கிற கோவம் மட்டும் அப்படியேதான் இருக்கு.