குன்னூர்ல ஹாக்கி ஸ்டிக் ரிப்பேர்: ஹவுன்ஸ்லோ சர்தார் தாத்தாவோட மல்பெரி ஸ்டிக்கும் போர்டு இல்லாத கடையும்

குன்னூர், வெலிங்டன், அருவங்காடு பக்கம் யார் வீட்டுலயாவது பழைய மர ஹாக்கி ஸ்டிக் ஒடஞ்சு கெடந்தா தயவுசெஞ்சு அடுப்புக்கு போட்டுடாதீங்க. குன்னூர் மார்க்கெட்டுல இருந்து பெட்போர்டு ஏறுற வழியில வர்க்கி (மொறுமொறுன்னு இருக்கற நீலகிரி பிஸ்கட்) சுடற ஒரு பேக்கரி ஓரமா படிக்கட்டு போகும், அதுக்குக் கீழ ஒரு சின்ன கடை. போர்டு எதுவும் கெடையாது, வெளிய ரெண்டு கேரம் போர்டும் ஒரு வலையில நாலஞ்சு ஃபுட்பாலும் தொங்கும், அதான் அடையாளம். கடை அண்ணா ரிட்டயர்டு மிலிட்டரி, வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர்ல இருந்தவர், யூனிட் டீமுக்கு ஹாக்கி ஆடுனவர். நான் போன நவம்பர்ல ஒரு ஸ்டிக் ரிப்பேருக்குக் குடுத்தேன், என் பொண்ணுக்கு ஒரு புது ஸ்டிக்கும் வாங்குனேன், ரெண்டு அனுபவத்தையும் எழுதுறேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், ஏன்னா அந்த ஸ்டிக்கோட கதைய சொல்லாம அந்த ரிப்பேரோட அருமை புரியாது.

எங்க சித்தப்பா முப்பது வருஷமா லண்டன் பக்கம் ஹவுன்ஸ்லோவுல இருக்காரு. பக்கத்து வீட்டுல ஒரு சர்தார் தாத்தா, எழுபத்தொம்பது வயசு. நைரோபில பொறந்து வளந்து 1968ல குடும்பத்தோட இங்கிலாந்து போனவரு. அந்த வருஷம்தான் கென்யாவுல இருந்து வர்ற இந்தியங்கள தடுக்கணும்னு அங்க அவசர அவசரமா சட்டம் போட்டாங்க, இவங்க கதவு சாத்துறதுக்குள்ள நொழஞ்சவங்க. ஏர்போர்ட்டுல நைட் ஷிப்ட் வேல. வெள்ளிக்கெழம ராத்திரி பூரா மூட்டைய தூக்கிட்டு சனிக்கெழம மதியம் கிரவுண்டுல நிப்பாராம். அவரோட ஸ்டிக் 1974ல ஜலந்தர்ல வாங்குனது, தங்கச்சி கல்யாணத்துக்கு பஞ்சாப் வந்தப்ப. மல்பெரி மரத் தலை, பிரம்புக் கைப்பிடி. அது ரெண்டும் சேர்ற எடத்துல பொளந்துடுச்சு. இப்ப அங்க எல்லாரும் கார்பன், ஃபைபர் ஸ்டிக்தான் ஆடுறாங்க, மர ஸ்டிக்க ரிப்பேர் பண்ண அவருக்கு ஆள் கெடைக்கல. சித்தப்பா ஊருக்கு வர்றப்ப, எங்கயாவது சரி பண்ணி எடுத்துட்டு வா பேட்டான்னு ஒரு பழைய துண்டுல சுத்தி குடுத்து விட்டிருக்காரு. சித்தப்பா அத என் கையில குடுத்துட்டாரு, நான் ஸ்கூல்ல ஹாக்கி ஆடுனவங்கறதால.

கடைக்கு கொண்டு போனேன். அண்ணா கண்ணாடியப் போட்டுட்டு பொளந்த எடத்தப் பாக்கவே இல்ல, நேரா ஸ்டிக்கோட முனையத் திருப்பிப் பாத்தாரு. வளைவோட உள்பக்கம், மேல நோக்கி இருக்கற நுனி, அங்க மரம் காசு மாதிரி தேஞ்சு வழவழன்னு இருந்துச்சு. கட்ட விரல வெச்சு தடவிட்டே சொன்னாரு, "இந்த ஆளு லெப்ட் சைடு ஆடுனவரு மா. ஸ்டிக்க கவுத்து கவுத்து பந்த இழுத்திருக்காரு. வெறும் ஹிட் அடிக்கறவன் ஸ்டிக்கு குதிகால் பக்கம், வளைவு ஆரம்பிக்கற எடத்துலதான் தேயும்." அன்னிக்கு ராத்திரியே சித்தப்பா போன் போட்டு கேட்டாரு. தாத்தா சிரிச்சுட்டே, ஆமா நான் லெப்ட் இன் (முன்வரிசையில இடது உள்பக்கம்), பத்தொம்பது வருஷம் அதே பொசிஷன்னு சொன்னாராம். எனக்கு அப்படியே புல்லரிச்சுப் போச்சு. பாத்தே இராத ஒரு மனுசன் எப்படி ஆடுனாருன்னு ஒரு மரக்கட்டைய வெச்சு சொல்றாரு.

அந்த தேய்மானத்துலதான் சீக்கியங்க பிரிட்டன் ஹாக்கிக்கு குடுத்தது என்னன்னு இருக்கு, அண்ணா எனக்கு புரிய வெச்ச மாதிரியே சொல்றேன். ஹாக்கி ஸ்டிக்குல தட்டையான பக்கம் ஒண்ணே ஒண்ணுதான், பந்த அந்தப் பக்கத்தால மட்டும்தான் தொடணும். அதனால பந்த வலதுல இருந்து இடதுக்கு ஒரு தட்டு, உடனே மணிக்கட்டத் திருப்பி ஸ்டிக்க கவுத்து இடதுல இருந்து வலதுக்கு இன்னொரு தட்டு, இத ஓடிட்டே செய்யறதுதான் இந்தியன் டிரிப்ளிங். பழைய இங்கிலீஷ் ஸ்டிக்குக்கு முனை நீளமா இருக்கும், கவுக்கறது கஷ்டம், ஓங்கி அடிச்சு தொரத்திட்டு ஓடற ஆட்டத்துக்குத்தான் அது சரி. முனைய குட்டையா வளைச்சு செஞ்சது நம்ம ஊரு பக்கம். பஞ்சாப்ல இருந்து போனவங்க பொட்டிக்குள்ள துணிமணியோட அந்த ஸ்டிக்கையும் அந்த மணிக்கட்டையும் சேத்து எடுத்துட்டு போயிருக்காங்க. இந்த ஸ்டிக் தொழிலே பிரிவினைக்கு முன்னாடி சியால்கோட்ல இருந்தது, 47க்கு அப்புறம் அந்த தொழில்காரங்க ஜலந்தர், மீரட்டுக்கு வந்து திரும்ப ஆரம்பிச்சாங்க. தலைக்கு போடற மல்பெரி வேற எதுவும் இல்லங்க, நம்ம தாளவாடி பக்கம் பட்டுப்பூச்சிக்கு தழை ஒடிக்கறோமே, அந்த மர வகைதான்.

தாத்தா பொறந்து வளந்த கென்யாவோட ஹாக்கி டீம் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, அண்ணா சொல்லித்தான் தெரியும். அந்த டீம்ல பெரும்பாலும் சீக்கியங்களும் கோவாக்காரங்களும். அவதார் சிங் சோஹல்னு ஒருத்தர் 1960ல இருந்து 72 வரைக்கும் நாலு ஒலிம்பிக் ஆடியிருக்காரு. 1971ல பார்சிலோனாவுல நடந்த மொத உலகக் கோப்பையில கென்யா நாலாவது எடம். அந்த தரத்துல ஆடுன ஊர்ல வளந்த பசங்க ஆயிரக்கணக்குல இங்கிலாந்துல போய் எறங்கினா கிளப் ஆட்டம் மாறாம என்ன பண்ணும்? பஞ்சாப் கிராமத்துல இருந்து நேரா போனவங்க இன்னொரு பக்கம், சவுத்தால், ஸ்மெத்விக், வுல்வர்ஹாம்ப்டன்னு தொழிற்சாலை எங்க இருந்துச்சோ அங்க. இரும்பு உருக்கற பட்டறையில வேல செஞ்சுட்டு வாரக் கடைசியில ஹாக்கி. வுல்வர்ஹாம்ப்டன்ல பஸ் ஓட்டறவங்க தலப்பா கட்டி வேலைக்கு வரக்கூடாதுன்னு இருந்து 1969 வரைக்கும் போராட வேண்டியிருந்துச்சு, அதே வருஷங்கள்லதான் இவங்க பட்கா (தலப்பாவுக்கு பதிலா கட்டற சின்னத் துணி) கட்டிட்டு கிளப் மேட்ச் ஆடிட்டு இருந்தாங்க. இத நெனச்சா எனக்கு அந்த சனிக்கெழம மதியங்கள் மேல ஒரு தனி மரியாதையே வருது.

தாத்தா ஆடுனது இந்தியன் ஜிம்கானா கிளப்புக்கு, ஹவுன்ஸ்லோவுக்கு பக்கத்துல ஆஸ்டர்லில இருக்கு, 1916ல ஆரம்பிச்சது. நூறு வருஷத்துக்கு மேல ஒரு இந்திய கிளப் அங்க நிக்குதுன்னா அது சும்மா இல்ல. அப்பறம் லீமிங்டன்ல கால்சா கிளப், பர்மிங்காம்ல பார்ஃபோர்ட் டைகர்ஸ், இப்படி பஞ்சாபிங்க கட்டி எழுப்புன கிளப்புங்க. தாத்தா சொல்றது, அந்தக் காலத்துல சில பழைய கிளப்புங்கள்ல உள்ள போகணும்னா தெரிஞ்ச மெம்பர் ஒருத்தர் கைகாட்டி விடணும், நேத்து வந்து எறங்குனவனுக்கு யாரத் தெரியும்? அதனால தனி டீம் ஆரம்பிச்சாங்க, சந்தா வசூல் பண்ணாங்க, வேன் வாடகைக்கு எடுத்தாங்க, மேட்ச் முடிஞ்சதும் எதிர் டீமையும் உக்கார வெச்சு பருப்பும் ரொட்டியும் போட்டாங்க. அந்த வெள்ளக்காரப் பசங்கள்ல ரெண்டு பேரு அடுத்த சீசன் இவங்க டீமுக்கே வந்துட்டாங்களாம்.

பேரு வாங்குனவங்களயும் சொல்லணும். குல்பீர் பௌரா, 1955ல ஜலந்தர்ல பொறந்தவரு, இந்தியன் ஜிம்கானாவுக்கும் ஹவுன்ஸ்லோ கிளப்புக்கும் ஆடுனவரு. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ல சோவியத் யூனியன் வராததால பிரிட்டனுக்கு எடம் கெடச்சுது, ஆஸ்திரேலியாவ 3-2ன்னு ஜெயிச்சு வெண்கலம். 86ல லண்டன்ல நடந்த உலகக் கோப்பையில இங்கிலாந்துக்கு வெள்ளி. 88 சியோல்ல மேற்கு ஜெர்மனிய 3-1ன்னு அடிச்சு தங்கம். இந்த மூணு டீம்லயும் பௌரா இருந்தாரு. 96 அட்லாண்டா டீம்ல சோமா சிங், கல்பீர் தாகர்னு ரெண்டு பேரு. யோசிச்சுப் பாருங்க, 1948 ஒலிம்பிக்ல இந்தியா வெம்பிளில பிரிட்டன 4-0ன்னு தோக்கடிச்சு தங்கம் வாங்குச்சு, அதுல ரெண்டு கோல் பல்பீர் சிங். நாப்பதே வருஷத்துல அதே பிரிட்டன் தங்கம் வாங்குறப்ப அந்த டீம்ல ஜலந்தர்ல பொறந்த ஒரு சிங் இருக்காரு. ஆனா எனக்கு பௌராவ விட இந்த தாத்தா மாதிரி ஆளுங்கதான் பெருசா தெரியறாங்க. பதக்கம் இல்ல, பேப்பர்ல பேரு இல்ல, பத்தொம்பது வருஷம் லெப்ட் இன். அவங்க ஒவ்வொரு சனிக்கெழமையும் வந்து நின்னதாலதான் சின்னப் பசங்க ஆட ஒரு கிளப்புனு இருந்துச்சு.

சரி ரிப்பேருக்கு வர்றேன். பழைய நூல் கட்ட பிரிச்சாரு, உள்ள காஞ்சு போயிருந்த பழைய வஜ்ரப் பசைய பிளேடால சொரண்டி எடுத்தாரு, ஒரு மணி நேரம் அதுக்கே ஆச்சு, பக்கத்துல உக்காந்து பாத்தேன். பிரம்புக்கு நடுவுல ஒரு ரப்பர் பட்டை போகுது, கைக்கு அதிர்வு ஏறாம இருக்கறதுக்கு, அது கல்லு மாதிரி ஆயிருந்துச்சு, அதையும் மாத்துனாரு. பொளந்த எடத்துல பசை விட்டு மூணு கிளாம்ப் போட்டு முறுக்குனாரு. பிரச்சன என்னன்னா நவம்பர் மாசம், குன்னூர் மழை உங்களுக்கே தெரியும், பர்லியார் பக்கம் மண்ணு சரிஞ்சு மலை ரயில் வேற நிறுத்திட்டாங்க, வீட்டுல தோச்ச துணியே நாலு நாளு காயல, பசை எப்படி காயும்? மூணாவது நாள் போய்ப் பாத்தா இன்னும் பிசுபிசுன்னு இருக்கு. சித்தப்பா பிளைட் 28ஆம் தேதி. எனக்கு வயித்தக் கலக்குச்சு. அண்ணா ஒண்ணும் பேசல, கிளாம்ப்போட அப்படியே தூக்கிட்டு பக்கத்து பேக்கரிக்கு போயி, வர்க்கி சுடற விறகு அடுப்புக்கு மேல இருக்கற மச்சு ரூம்ல தொங்க விட்டுட்டாரு. நேரா சூடு பட்டா மரம் வெடிச்சுடும், மச்சுல இதமான சூடுதான் வரும்னு சொன்னாரு. அஞ்சு நாள் அங்கயே தொங்குச்சு.

அப்பறம் உப்புத்தாள் போட்டு இழைச்சு, மெழுகு தேச்ச நூல நெருக்கமா சுத்தி, மேல லின்சீட் ஆயில் ரெண்டு கை. அந்த தேஞ்ச முனைய மட்டும் அவர் தொடவே இல்ல. அங்கயும் இழைச்சு புதுசு மாதிரி ஆக்கிடலாமான்னு நான்தான் வெவரம் இல்லாம கேட்டேன். "அது அவரு சம்பாதிச்சது மா, அதுல கை வெக்கக் கூடாது"ன்னுட்டாரு. மொத்தம் 730 ரூபா, கிரிப்போட சேத்து. பில்லு கேட்டா ஒரு நோட்டுத் தாள்ல எழுதிக் குடுக்கறாரு.

பொண்ணு விஷயம். ஏழாவது படிக்கறா, இடது கைக்காரி. ஒரு ஆன்லைன் கடையில 34 இஞ்சு ஆர்டர் போட்டா 36 அனுப்பிட்டாங்க, திருப்பி எடுக்க இருபது நாள் இழுத்தடிச்சாங்க, அதனாலயும்தான் இந்தக் கடைக்கு வந்தோம். இடது கை ஸ்டிக் இருக்கா மாமான்னு அவ கேட்டா. அப்படி ஒண்ணு ஹாக்கியில கெடையாது, ரூல்லயே விடமாட்டாங்க, எல்லாருக்கும் ஒரே மாதிரிதான்னு சொல்லிட்டு, இடது கைதான் ஸ்டிக்கோட உச்சியில புடிச்சு திருப்பற கை, அதனால உனக்கு டிரிப்ளிங் சீக்கிரம் வரும் பாருன்னு தாத்தாவோட ஸ்டிக்கையே கையில குடுத்து ரெண்டு தடவ கவுத்து காமிக்க வெச்சாரு. அவளுக்கு அது கனம், உயரமும் பத்தல, ஆனா அந்த முகத்தப் பாக்கணுமே. அவ அளவுக்கு ஃபைபர் ஸ்டிக் 1450 ரூபாய்க்கு வாங்குனோம். அடிக்க விட்டுப் பாத்து மாத்திக்கலாம்னு ஒரு வாரம் டைமும் குடுத்தாரு.

கொறன்னு சொன்னா, சின்னப் பசங்க சைஸ் ரொம்ப கம்மியாத்தான் வெச்சிருக்காரு, ஷின் கார்டு ரெண்டே ரெண்டு ஜோடி, கோல் கீப்பர் சாமான் எதுவும் இல்ல. சொன்ன தேதிக்கு வேல முடியும்னு நம்ப முடியாது, மழைக் காலத்துல ரெண்டு வாரமாவது கையில வெச்சுக்கிட்டு குடுங்க. கார்பன் ஸ்டிக் ஒடஞ்சா அவர் தொட மாட்டாரு, மரம் மட்டும்தான். சாயந்தரம் அஞ்சு மணிக்கு மேல கிரவுண்டுக்கு போயிடுவாரு, பசங்களுக்கு சொல்லிக் குடுக்க. காலையில பத்தரைக்கு மேல போங்க.

27ஆம் தேதி காலையில ஸ்டிக் கைக்கு வந்துச்சு, சித்தப்பா அதே துண்டுல சுத்தி எடுத்துட்டு போயிட்டாரு. ரெண்டு நாள் கழிச்சு வீடியோ அனுப்புனாரு. தாத்தா அவர் வீட்டு நடையில செருப்போட நின்னு ஒரு டென்னிஸ் பந்த தட்டறாரு, வலதுக்கு ஒண்ணு இடதுக்கு ஒண்ணு, மணிக்கட்டு மட்டும் திரும்புது, உடம்பு அசையல. அப்பறம் நிறுத்திட்டு அந்த நூல் கட்ட மூக்குக்கிட்ட கொண்டு போயி, இது என்ன வாசனைன்னு சித்தப்பாவக் கேக்கறாரு. வர்க்கின்னா என்னன்னு அவருக்கு இந்தியில எப்படி சொல்றதுன்னு சித்தப்பாவுக்கு தெரியல. அடுத்த தடவ வர்றப்ப அரை கிலோ வாங்கிட்டு போறதா சொல்லியிருக்காரு.