இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நெக்பேண்டா, இயர்பட்ஸா? நெல்லைப் பக்கத்துக்கு ஒரு ஒப்பீடு

ஆயிரத்திலிருந்து 2,300 ரூபாய்க்குள் வயரில்லாத இயர்போன் வாங்கப் போனால் மூன்று வகை எதிரே வரும். கழுத்தில் கிடக்கும் நெக்பேண்ட், ஏஎன்சி (வெளி இரைச்சலைக் காதில் விழாமல் குறைக்கும் வசதி) இல்லாத சாதா இயர்பட்ஸ், கொஞ்சம் விலை கூடிய ஏஎன்சி இயர்பட்ஸ். கடையில் எல்லோரும் முதலில் கேட்பது எந்தக் கம்பெனி நல்லது என்று. எங்கே உட்கார்ந்து கேட்கப் போகிறோம், பாட்டு அதிகமா பேச்சு அதிகமா என்பதை அதற்கு முன் முடிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இந்த விலையில் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்யும் சாமான் கிடையாது.

வகைக்கு ஒன்றாக எடுத்துக்கொள்வோம். நெக்பேண்டில் ஒன்பிளஸ் புல்லட்ஸ் வயர்லெஸ் இசட்2. 2022-இல் 1,999 ரூபாய்க்கு வந்தது, 30 மணி நேரம் ஓடும் என்கிறது கம்பெனி. சாதா இயர்பட்ஸில் போட் ஏர்டோப்ஸ் 141. அட்டையில் 42 மணி நேரம். ஏஎன்சியில் ஒன்பிளஸ் நார்டு பட்ஸ் 3. 2024-இல் 2,299 ரூபாய்க்கு வந்தது, 32 டெசிபல் வரை இரைச்சலைக் குறைக்கும் என்று சொல்லி விற்கிறார்கள்.

முதலில் அந்த மணிக்கணக்கு. 42-ஐப் பார்த்துவிட்டு 30 குறைவு என்று நினைக்க வேண்டாம். இயர்பட்ஸின் 42 என்பது சார்ஜ் ஏற்றும் கேஸுக்குள் போட்டுப் போட்டு எடுத்த மொத்தக் கணக்கு. ஒரு தடவை காதில் மாட்டினால் சுமார் 6 மணி நேரம்தான். நெக்பேண்டின் 30 ஒரே மூச்சில் ஓடுவது. ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூருக்கு ஏறுகிறவருக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். இவை பெரும்பாலும் மிதமான சத்தத்தில் எடுத்த கணக்கு என்பதால் சத்தத்தைக் கூட்டினால் நேரம் குறையும். ஏஎன்சி போட்டால் இன்னும் கால்பங்கு, சிலதில் மூன்றிலொரு பங்கு போய்விடும்.

பேட்டரியின் ஆயுளும் இதோடு சேர்ந்ததுதான். ஒரு பட்ஸுக்குள் இருக்கும் செல்லின் கொள்ளளவு பெரும்பாலும் 35 முதல் 60 எம்ஏஎச்; நெக்பேண்டில் 150-க்கு மேல். லித்தியம் செல் முந்நூறு, ஐந்நூறு தடவை முழுசாக ஏறி இறங்கினால் கொள்ளளவு குறையத் தொடங்கும். இயர்பட்ஸை தினமும் தீர்க்கிறவருக்கு அந்த எண்ணிக்கை ஒன்றரை வருஷத்தில் வந்துவிடும். நெக்பேண்டை வாரத்துக்கு இரண்டு தடவை சார்ஜ் போடுகிறவருக்கு அதே எண்ணிக்கைக்கு ஐந்து வருஷம் போல ஆகும். 'ஒரு பக்கம் சார்ஜே நிக்க மாட்டேங்கு' என்று இயர்பட்ஸ் திரும்பி வருவது இதனால்தான். ஒற்றைக் காதில் மட்டும் போட்டுப் பேசுகிறவர்களுக்கு அந்தப் பக்கத்துச் செல் முதலில் தளரும்.

அடுத்தது மைக். நம் ஊருக்கு இதுதான் பெரிய சோதனை. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் வட்டாரத்தில் ஆளையே தள்ளும். காற்றாலைகள் அங்கே வரிசையாக நிற்பது சும்மா இல்லை. அந்தக் காற்றில் நின்று பேசினால் மறுமுனையில் இருப்பவர், 'அண்ணாச்சி, காத்துதான் இரையுது, ஒண்ணும் கேக்கல' என்பார். அட்டையில் ஈஎன்சி என்று போட்டிருக்குமே என்றால், அது விசிறி, மோட்டார், தெரு இரைச்சல் மாதிரி ஒரே சீராக வரும் சத்தத்தைப் பேச்சிலிருந்து பிரித்து எடுப்பதற்கு. காற்று அப்படி வருவதில்லை. மைக்கின் ஊசித்துவாரத்தில் நேரடியாக மோதிச் சுழன்று அங்கேயே சத்தத்தை உண்டாக்குகிறது. இந்த விலைச் சாமானால் அதைப் பிரிக்க முடியாது. ஏஎன்சியையும் ஈஎன்சியையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்: ஏஎன்சி நம் காதுக்கு, ஈஎன்சி எதிராளியின் காதுக்கு.

இந்த இடத்தில் நெக்பேண்ட் ஜெயிக்கிறது. மைக் இருக்கும் பகுதியை விரலால் தூக்கி, உள்ளங்கையால் மறைத்து, வாய்ப்பக்கம் கொண்டுவரலாம். பேச்சு உடனே தெளியும். சட்டைக்குள் மட்டும் விடக் கூடாது, துணி உரசினால் மறுமுனையில் கரகரவென்று கேட்கும். இயர்பட்ஸைக் கையால் பொத்தினால் தொடு பட்டன் அழுந்தி அழைப்பே துண்டாகலாம். சுவர் ஓரமாக ஒதுங்குவதுதான் வழி. பைக்கில் போகும்போது எந்த வகையும் வேண்டாம். காற்று ஒருபுறம் இருக்க, பின்னால் வரும் லாரியின் ஹாரன் காதில் விழாது.

பேசும்போது பாட்டின் தரம் கெட்டு ஒலி ஒல்லியாகிறது என்று சிலர் பொருளையே மாற்றக் கேட்பார்கள். அது பழுது இல்லை. மைக் வேலை செய்யத் தொடங்கியதும் புளூடூத் பேச்சுக்கான வேறொரு முறைக்கு மாறுகிறது; விலை கூடியதிலும் பெரும்பாலும் இப்படித்தான்.

பஸ் பயணம் என்றால் கதை மாறும். தென்காசி ரோட்டிலோ தூத்துக்குடி ரோட்டிலோ தினமும் இரண்டு மணி நேரம் இன்ஜின் பக்கம் உட்கார்ந்து போய்வருகிறவருக்கு ஏஎன்சி கொடுக்கும் காசுக்குத் தகும். இன்ஜினின் தாழ்ந்த உறுமலைத்தான் அது நன்றாக அழிக்கும். ஹாரன், கண்டக்டர் விசில், பக்கத்து சீட்டுப் பேச்சு ஓரளவு கேட்கவே செய்யும். 32 டெசிபல் என்பது உச்சக் கணக்கு, எல்லாச் சத்தத்துக்கும் பொருந்தாது. இதனால் வரும் பெரிய நன்மை, சத்தத்தைக் கூட்ட வேண்டியிருக்காது என்பது. உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபலில் வெறும் 4 மணி நேரம். பஸ் இரைச்சலை அமுக்கப் பாட்டைக் கூட்டுகிறவர்கள் அந்த நாலு மணி நேரத்தை இரண்டே நாளில் தீர்த்துவிடுவார்கள்.

ஆனால் காதில் இறுக்கமாக உட்காரவில்லை என்றால் ஏஎன்சிக்குக் கொடுத்த காசு வீண். அட்டைக்குள் மூன்று அளவு ரப்பர் இருக்கும். பாட்டு ஓடும்போது பட்ஸை லேசாக உள்ளே அமுக்கிப் பாருங்கள். பேஸ் (தாழ்ந்த அதிர்வொலி) சட்டென்று கூடினால் ரப்பர் சிறிது, அடுத்த அளவு போட வேண்டும். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்கும் என்பதில்லை. இடதுக்கு நடுத்தரம், வலதுக்குப் பெரிது என்று போடுவது சகஜம். ரப்பரே இல்லாத, காதுமடலில் தொங்கும் வகையில் பேஸும் நிற்காது, ஏஎன்சியும் பெயரளவுக்குத்தான்.

மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் நாள் முழுக்கப் பாட்டோ பேச்சோ கேட்டுக்கொண்டே வேலை செய்கிறார்கள். இவர்களுக்கு நெக்பேண்ட் சரிப்படாது. குனிந்து சுற்றும்போது கழற்றிவிட்ட முனை மடியில் இருக்கும் சுளகில் விழுந்து தூளில் புரளும். ரப்பர் வைத்த சாதா இயர்பட்ஸ் போதும். ஒன்றைக் காதில் மாட்டி, மற்றதைக் கேஸில் சார்ஜில் விட்டு, மாற்றி மாற்றிப் போட்டால் பொழுது முழுக்க ஓடும், பேட்டரியும் இரு பக்கமும் சமமாகத் தேயும். இன்னொரு காது திறந்திருப்பதால் குக்கர் விசிலும் வாசலில் கூப்பிடுகிற சத்தமும் கேட்கும். கேஸை மட்டும் சுளகிலிருந்து தள்ளி, மூடியே வைக்க வேண்டும். புகையிலைத் தூள் சார்ஜ் முனையில் படிந்தால் பட்ஸ் உள்ளே இருந்தும் சார்ஜ் ஏறாது.

தூளும் வியர்வை உப்பும்தான் நம் பக்கத்தில் பட்ஸைக் கெடுப்பவை. வாரம் ஒரு தடவை ரப்பரைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் அலசி, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஒலி வரும் வலையைக் கீழ்நோக்கிப் பிடித்து, காய்ந்த மெல்லிய பிரஷால் தட்டிவிட வேண்டும். ஊசியால் குத்தினால் வலை கிழியும். பித்தளை நிற முனைகளை, பட்ஸிலும் கேஸிலும், ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தால் செத்துப்போன பக்கம் பல நேரம் உயிர் பெறும். அதற்கும் மசியாவிட்டால் போனின் புளூடூத் பட்டியலில் பட்ஸின் பெயரை அழித்துவிட்டு, கையேட்டில் சொன்னபடி ரீசெட் செய்து மறுபடி இணைக்கலாம்.

அட்டையில் போட்டிருக்கும் ஐபிஎக்ஸ்4 என்ற தண்ணீர்ப் பாதுகாப்புக் குறி தெறிக்கும் தண்ணீருக்கு மட்டும். குற்றாலத்து அருவிக்கோ தாமிரபரணிக் குளியலுக்கோ இல்லை. உவரிக் கடல் உப்புத் தண்ணீருக்குச் சுத்தமாக இல்லை. இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் பட்ஸுக்குத்தான், கேஸுக்குக் கிடையாது. சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போனாலும் செல் சீக்கிரம் தளரும்.

எதை எடுத்தாலும் அட்டையில் பிஐஎஸ் (அரசின் தரச்சான்று அமைப்பு) முத்திரையோடு 'ஆர்' எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். 'ஃபர்ஸ்ட் காப்பி' என்று முந்நூறு ரூபாய்க்குக் கிடைப்பவற்றில் பலதில் இது இருக்காது. ஜிஎஸ்டி பில், வாரண்டிக்காலம், திருநெல்வேலியில் சர்வீஸ் சென்டர் உண்டா கூரியரா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். தொலைந்த ஒற்றைப் பட்ஸுக்கு வாரண்டி வராது. டைப்-சி இரண்டு முனையும் உள்ள கேபிளில் சில மலிவுக் கேஸ்கள் சார்ஜே ஏறாது. பழுது என்று முடிவு கட்டுவதற்கு முன் சாதா யுஎஸ்பி கேபிளில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், மொட்டை மாடிக் காற்றில் நின்று ஒரு போன், ஓடும் பஸ்ஸிலிருந்து ஒரு போன், வீட்டு விசிறிக்குக் கீழே ஒரு போன் பேசி, என்ன கேட்டது என்று எதிராளியிடம் விசாரியுங்கள்.