பதினேழு வயதுக் காரும் அடியில் விரித்த அட்டையும்

என் காருக்கு இப்போது 17 வயது. ஓடியிருப்பது 1,92,000 கிலோமீட்டர். பெட்ரோல் இன்ஜின், கையால் மாற்றும் கியர், புதிதாக வாங்கிய நாளிலிருந்து ஒரே கை. முதல் எட்டு ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்பதாம் ஆண்டில் ஆயில் ஒழுக ஆரம்பித்தது. அன்றிலிருந்து எங்கே ஒழுகியது, எவ்வளவு ஊற்றினேன், எதற்கு எவ்வளவு கொடுத்தேன் என்பதெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. தேவையில்லாமல் கொடுத்த பணமும் அதில் இருக்கிறது.

தொகையை அப்படியே எழுதினால் அடுத்த ஆண்டே செல்லாக் கணக்காகிவிடும். ஆகவே ஒரு சாதாரண ஆயில் சர்வீஸுக்கு, அதாவது ஆயில், பில்டர், கூலி மூன்றுக்கும் சேர்த்து ஆகும் செலவை ஒரு ‘சர்வீஸ்’ என்று வைத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் அந்தக் கணக்கில்தான்.

முதல் சொட்டு 1,04,000 கிலோமீட்டரில் விழுந்தது. காலையில் வண்டியை எடுத்தபோது தரையில் ஒரு கறை. குனிந்து பார்த்தால், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் மூட்டில் ஒரு கரிய துளி தொங்கிக்கொண்டிருந்தது. காட்டிய பட்டறையில், வண்டியைத் தூக்கியதும் அரை நிமிடத்தில் தீர்ப்பு வந்தது: “பின்பக்க கிராங்க் சீல் போய்விட்டது சார். கியர்பாக்ஸை இறக்க வேண்டும்.” இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு பின்னால் வெளிவரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்தான் அந்த சீல். சொன்ன தொகை ஒன்பது சர்வீஸ். யோசித்துச் சொல்கிறேன் என்று நழுவி வந்துவிட்டேன். உண்மையில் அன்று கையில் பணம் இல்லை. அந்த இல்லாமைதான் என்னைக் காப்பாற்றியது.

இரண்டாவதாகப் பார்த்தவர் வயதானவர். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்ஜினை முழுக்கக் கழுவித் துடைத்தார். “இருநூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள், பிறகு பேசுவோம்” என்றார். திரும்பிப் போனபோது டார்ச்சை அடியில் பிடிக்காமல் மேலே, இன்ஜினின் தலையை மூடும் டேப்பட் கவரின் பின்மூலையில் பிடித்தார். அங்கே விரல் நுனி அளவுக்கு ஈரம். அதிலிருந்து ஒரு மெல்லிய கோடு இன்ஜினின் முதுகு வழியாக இறங்கி, கியர்பாக்ஸ் மூட்டில் போய்ச் சொட்டிக்கொண்டிருந்தது.

அன்று கற்றதை இன்றுவரை மறக்கவில்லை. ஆயில் கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். ஆகவே சொட்டுகிற இடத்தை விட்டுவிட்டு, ஈரத்தில் ஆக உயரமாகவும் ஆக முன்னாலும் இருக்கும் புள்ளியைத் தேட வேண்டும். கழுவாத இன்ஜினில் அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஆண்டுக்கணக்கான கறுப்புப் படிவத்தில் எது நேற்றைய ஆயில், எது போன ஆண்டுடையது என்று யார் சொல்வது? கழுவியும் பிடிபடாவிட்டால், ஆயிலில் ஒளிரும் சாயம் கலந்து புற ஊதா விளக்கில் பார்க்கும் முறை இருக்கிறது. எனக்கு அது தேவைப்படவில்லை.

அந்தக் கவரின் விளிம்பில் ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் பட்டையைத்தான் பேக்கிங் என்பார்கள். அதை மாற்ற ஒரு மணி நேரம். செலவு அரை சர்வீஸ். கழற்றிய பழைய பேக்கிங்கை என் கையில் கொடுத்தார். ரப்பர் என்றே சொல்ல முடியாது. வளைத்தேன், காய்ந்த சுள்ளிபோலப் படக்கென்று முறிந்தது. உருண்டையாக இருந்திருக்க வேண்டிய அதன் விளிம்பு, பள்ளத்தின் அச்சு விழுந்து சப்பையாகியிருந்தது. நூறு டிகிரியைத் தொடும் சூட்டில் ஆண்டுக்கணக்கில் வெந்தும் ஆறியும் கிடக்கும் ரப்பர் வேறென்ன ஆகும்? வண்டி அதிகம் ஓடாவிட்டாலும் இது நடக்கும். கிலோமீட்டர் குறைவு என்பதற்காகப் பழைய காரின் சீல்கள் இளமையாக இருந்துவிடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. அந்தக் கவரின் போல்ட்டுகள் சின்னவை. பல இன்ஜின்களில் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் முறுக்கே போதும். ‘நன்றாக இறுக்கினால் ஒழுகாது’ என்று நினைப்பவர் கையில் ஸ்பானர் அகப்பட்டால், புதுப் பேக்கிங் பிதுங்கிவிடும். கவர் பிளாஸ்டிக்காக இருந்தால் விரிசலும் விடும். சிலிக்கான் பசையைத் தாராளமாக அப்புவதும் அப்படித்தான். வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே பிதுங்குவது துண்டாக உதிர்ந்து, ஆயில் பம்பின் வலையில் போய் அடைத்துக்கொள்ளும்.

இனி என் சொந்த முட்டாள்தனம். எட்டாம் ஆண்டில் டைமிங் பெல்ட்டை, அதாவது கிராங்கின் சுழற்சியோடு வால்வுகளை ஒத்து இயங்க வைக்கும் பல் வைத்த ரப்பர் பெல்ட்டை, மாற்றியபோது, “முன்பக்க ஆயில் சீல்களையும் சேர்த்து மாற்றிவிடலாமா?” என்று கேட்டார்கள். ஒழுகாத சீலுக்கு எதற்குக் காசு என்று மறுத்தேன். சீலின் விலை ஒரு சர்வீஸில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பன்னிரண்டாம் ஆண்டில் அதே சீல் ஒழுகி, பாதி ஆயுள்கூட முடியாத பெல்ட்டை நனைத்துவிட்டது. ஆயிலில் ஊறிய பெல்ட்டை நம்ப முடியாது. ரப்பர் உப்பிப் பல் உதிரும். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். ஆகவே மறுபடியும் எல்லாவற்றையும் பிரித்து, புதுப் பெல்ட், புது சீல், முழுக் கூலி. ஆறு சர்வீஸ். நோட்டில் அந்தப் பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் இன்னும் வலிக்கிறது.

ஆயில் ஒழுகலில் நாம் பணம் கொடுப்பது பெரும்பாலும் பாகத்துக்கு அன்று, அதை எட்டிப் பிடிக்கும் வழிக்கு. என்னிடம் இருக்கும் ரசீதுகளில் ஆக விலை உயர்ந்த சீலும் என் உள்ளங்கையில் அடங்கும். எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் தொகையைத் தீர்மானிக்கிறது. வழி ஏற்கெனவே திறந்து கிடக்கும்போது பாகத்துக்குக் கணக்குப் பார்ப்பது சிக்கனம் ஆகாது.

பதின்மூன்றாம் ஆண்டில் வேறு கதை. திடீரென்று எல்லா மூட்டுகளிலும் ஒரே சமயத்தில் வியர்த்தாற்போல ஈரம். ஒரு பட்டறையில் எல்லாப் பேக்கிங்குகளையும் மாற்றச் சொன்னார்கள். பெரியவரிடமே போனேன். இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். குபுக்கென்று புகை வந்தது. “மூச்சு அடைத்திருக்கிறது” என்றார். பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயுவை மறுபடி இன்ஜினுக்குள் உறிஞ்சிவிட ஒரு சிறு வால்வு இருக்கிறது. பட்டறையில் பிரீதர் என்பார்கள். அது கசடில் அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, கிடைத்த சந்தில் எல்லாம் ஆயிலை வெளியே தள்ளும். அந்த நிலையில் எந்தப் பேக்கிங்கை மாற்றினாலும் வீண். வால்வு புதிது, குழாய்கள் சுத்தம்: மொத்தம் கால் சர்வீஸ். ஈரம் முக்கால்வாசி நின்றது. பழைய காரில் பல இடத்தில் ஒழுகினால் முதலில் இதைப் பார்க்கச் சொல்லுங்கள். யாரும் தானாகப் பார்ப்பதில்லை.

ஒன்பதாம் ஆண்டில் பொய்யாக வந்த தீர்ப்பு பதினான்காம் ஆண்டில் மெய்யானது. இம்முறை கழுவிப் பார்த்தும் மேலே எங்கும் ஈரமில்லை. பின்பக்க கிராங்க் சீல்தான். ஆனால் நான் உடனே மாற்றவில்லை. இரண்டரை ஆண்டு ஒழுகவிட்டேன்.

இதைச் சோம்பல் என்று என் வீட்டில் சொன்னார்கள். நான் கணக்கு என்றேன். வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து, காலையில் சொட்டுகளை எண்ணினேன். ஓர் இரவுக்கு நான்கு. ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் நூறு மில்லிலிட்டர் தேறாது. ஆனால் இன்ஜினில் உள்ள ஆயில் மட்டத்தைக் காட்டும் அளவுக்கம்பி வேறு கணக்குச் சொன்னது: 10,000 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் ஊற்ற வேண்டியிருந்தது. நின்ற வண்டியில் ஆயில் ஆறிக் கெட்டியாக இருக்கிறது. ஓடும்போது இளகி, சுழலும் கிராங்கின் ஓரமாக நழுவி, சாலையெங்கும் சிந்துகிறது. கொஞ்சம் உள்ளேயே எரிந்தும் போகிறது. தரையைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து, கம்பியைத் துடைத்துப் பாருங்கள். பல கார்களில் அதன் இரு குறிகளுக்கு இடையே உள்ளது சுமார் ஒரு லிட்டர்.

அந்த இரண்டரை ஆண்டில் நான் ஊற்றிய ஆயில் மொத்தம் மூன்று லிட்டருக்குள். ஒரு சர்வீஸ் செலவுகூட ஆகவில்லை. ஒன்பதுக்கு எதிரே ஒன்று.

இடையில் ‘ஒழுகல் நிறுத்தி’ திரவம் ஒன்றையும் ஊற்றிப் பார்த்தேன். இறுகிய ரப்பரை மென்மையாக்கி உப்ப வைக்கும் சரக்கு அது. நான்கு மாதம் அட்டை சுத்தமாக இருந்தது. ஐந்தாம் மாதம் நான்கு சொட்டுகளும் திரும்பிவிட்டன. கிழிந்த பேக்கிங்குக்கோ தேய்ந்த உலோகத்துக்கோ அதனால் ஒன்றும் ஆகாது. ஆயிலை ஒரு படி கெட்டியானதாக மாற்றியதில் சிறிது பலன் தெரிந்தது. ஆனால் கையேடு அனுமதிக்கும் அளவுக்கு மேல் போகத் துணியவில்லை.

எல்லா ஒழுகலையும் இப்படி விட்டுவைக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சூடான புகைபோக்கிக் குழாய்மேல் விழுந்து தீய்ந்த வாடை வருகிறதா, அன்றே காட்டுங்கள். அது தீப்பிடிக்கக் கூடியது. பெல்ட், ரப்பர் குழாய், இன்ஜின் தாங்கி எதையாவது நனைத்தாலும் தள்ளிப்போடக் கூடாது. சிவப்பு ஆயில் விளக்கை நம்பிக் காத்திருப்பது எல்லாவற்றையும்விட மோசம். அது அளவைக் காட்டும் விளக்கு இல்லை, அழுத்தம் விழுந்துவிட்டதைச் சொல்லும் விளக்கு. ஓடும்போது அது எரிந்தால் இன்ஜினை அங்கேயே அணைத்துவிட வேண்டும். அடுத்த பட்டறை வரை ஓட்டிப் பார்ப்பவர் இன்ஜினையே மாற்றும்படி ஆகலாம்.

கடைசியில் 1,78,000 கிலோமீட்டரில் கிளட்ச் நழுவத் தொடங்கியது. பிளேட் தேய்ந்திருந்தது, கொஞ்சம் ஆயிலும் பட்டிருந்தது. எப்படியும் கியர்பாக்ஸ் இறங்கியே தீர வேண்டும். இந்த முறை நானே கேட்டு சீலைச் சேர்த்து மாற்றச் சொன்னேன். சீலுக்காக ரசீதில் கூடியது கால் சர்வீஸுக்கும் குறைவு. அந்த ரசீதைப் பார்த்தபோது எட்டாம் ஆண்டின் எரிச்சல் ஓரளவு தணிந்தது.

இப்போது அட்டையில் புதுக் கறை ஏதும் இல்லை, வலப்பக்க ஓரத்தில் ஒரே ஒரு துளியைத் தவிர. போன வாரம்தான் ஆயில் மாற்றினோம். அடியில் இருக்கும் வடிபோல்ட்டின் செப்பு வாஷரைப் பழையதையே போட்டிருப்பார்கள் என்பது என் சந்தேகம். நாளை குனிந்து பார்க்க வேண்டும்.